கடைசி பஸ்ஸும் நிற்காத பிராக்ஸியும்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும். இதைக் கண்டுபிடித்தவள் என் மனைவி. கல்யாணமான மூன்றாம் நாளே கண்டுபிடித்துவிட்டாள். அதன்பிறகு நான் என்ன பேசினாலும் என் முகத்தைப் பார்க்காமல் காதைப் பார்த்தே பதில் சொல்லுவாள். இரண்டாயிரத்து எட்டோ ஒன்பதோ, அந்த வருஷத்து ஐப்பசி மாதம் முழுக்க என் காது சிவப்பாகவே இருந்தது. காரணம், நிறுத்தினால் நிற்காத ஒரு பிராக்ஸி.

அப்போது நான் கொடைக்கானலில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்தேன். காலையில் பிள்ளைகளுக்கு டைப்பிங், மற்ற நேரமெல்லாம் பிரவுசிங். கம்ப்யூட்டர்கள் எட்டு, வெளியுலகுக்குப் போக டெலிபோன் லைன் ஒன்றே ஒன்று. எட்டுப் பேரும் அந்த ஒரு லைனில் முட்டி மோதக் கூடாது என்று மூலையில் ஒரு சர்வர் வைத்திருந்தோம். அதற்குள் ஓடுகிற புரோகிராமுக்குத்தான் பிராக்ஸி என்று பேர். வீட்டில் எட்டுப் பேர் இருந்தாலும் ஒருவர்தானே பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் எல்லாருக்கும் வாங்கி வருவார், அந்த வேலைதான் அதற்கு. வாங்கி வந்ததில் கொஞ்சத்தை எடுத்தும் வைத்துக்கொள்ளும். அடுத்தவர் அதையே கேட்டால் வெளியே போகாமல் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடும். கெட்டிக்காரப் புரோகிராம். அதை அங்கே ஏற்றி ஓடவிட்டவன் நான் என்பதால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

வீடு பூண்டியில். என் மனைவி அங்கே கிராம சுகாதார நர்ஸ். ஊரில் அவளுக்கு நர்ஸம்மா என்றுதான் பேர், எனக்கு நர்ஸம்மா வீட்டுக்காரர். அவள் பிறந்து வளர்ந்தது பழனி அடிவாரத்தில், பஞ்சாமிர்தக் கடைக்காரர் வீட்டில். வெயிலிலேயே வளர்ந்தவள். பூண்டிக் குளிரில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, அதற்கும் மேல் என் சால்வையையும் பிடுங்கிப் போர்த்திக்கொண்டுதான் வீடு வீடாகத் தடுப்பூசி போடப் போவாள்.

கொடைக்கானலிலிருந்து பூண்டிக்குக் கடைசி பஸ் ஆறரைக்கு. சென்டரைப் பூட்டுவது ஆறு மணிக்கு. பஸ் ஸ்டாண்டுக்குப் பத்து நிமிஷ நடை. கணக்குப்படி பார்த்தால் ஒரு மனிதன் பஸ்ஸைத் தவறவிட வாய்ப்பே இல்லை. ஆனால் பூட்டுவதற்கு முன்னால் ஒரு சடங்கு இருந்தது. அதை ஏற்படுத்தியவர் எங்கள் அண்ணாச்சி, அதாவது சென்டரின் முதலாளி.

அண்ணாச்சிக்கு இடியென்றால் பயம். முந்தின வருஷம் இடி விழுந்து ஒரு மோடம் கருகிப்போனதிலிருந்து, வானத்தில் இருக்கிற இடியெல்லாம் தன் கடையின் விலாசத்தை எழுதி வைத்துக்கொண்டு வருகிறது என்றே நம்பினார். சாயங்காலமானால் மங்கி குல்லாவோடு மாடியிலிருந்து இறங்கி வந்து வாசலில் நின்றுகொள்வார்.

“ஏலே, சர்வர நிறுத்திட்டியா? பிளக்க உருவிட்டியா? போன் வயர உருவிட்டியா? மேக்க இருட்டிக்கிட்டு வருது பாரு.”

“இப்பத்தான் அண்ணாச்சி நிறுத்தச் சொல்லியிருக்கேன்.”

“சொல்லியிருக்கியா? அதுகிட்ட என்ன சம்மதமா கேக்குற?”

உண்மையில் சம்மதம்தான் கேட்க வேண்டியிருந்தது. பிராக்ஸியை இரண்டு விதமாக நிறுத்தலாம். ஒன்று, மரியாதையாகச் சொல்லி நிறுத்துவது. அப்போது அது புதிதாக யாரையும் உள்ளே விடாது, ஏற்கனவே உள்ளே இருப்பவர்கள் வேலையை முடிக்கும்வரை காத்திருக்கும், பிறகு எடுத்துவைத்ததையெல்லாம் ஒழுங்காக அடுக்கிக் குறிப்பெழுதிவிட்டுத் தானாக அடங்கும். இன்னொன்று, கழுத்தைப் பிடித்து நிறுத்துவது. அப்படிச் செய்தால் உடனே நின்றுவிடும். ஆனால் அலமாரி அலங்கோலமாகிவிடும். மறுநாள் காலையில் எழுந்ததும் ஒவ்வொன்றாக எண்ணி அடுக்க உட்கார்ந்துவிடும். அடுக்கி முடிக்க ஒன்றரை மணி நேரமாகும். அதுவரைக்கும் எட்டுக் கம்ப்யூட்டரும் சும்மா. ஒரே ஒருதடவை அப்படிச் செய்தேன். மறுநாள் மன்னவனூரிலிருந்து வெள்ளனே பஸ் ஏறி ரிசல்ட் பார்க்க வந்த ஐந்தாறு பேர் காத்துக் காத்துப் பார்த்துவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார்கள். அண்ணாச்சி அன்றைக்கு மதியச் சாப்பாடே சாப்பிடவில்லை. அதனால் கழுத்தைப் பிடிப்பதற்குத் தடை.

இனி என் வீட்டுச் சண்டைக்கு வருகிறேன். ஆயுத பூஜை முடிந்து ஐப்பசி பிறந்த வாரம் நான் இரண்டுமுறை கடைசி பஸ்ஸைத் தவறவிட்டேன். அதற்கும் பிராக்ஸிக்கும் சம்பந்தமில்லை. ஒருநாள் பேச்சு சுவாரசியம், இன்னொரு நாள் கேரம் போர்டு. சென்டரிலேயே பெஞ்சில் படுத்துக்கொண்டேன். மறுநாள் காலையில் வீட்டுக்குப் போனபோது அவள் அடுப்படியில் நின்றபடி, என் காதைக்கூடப் பார்க்காமல் சொன்னாள்:

“பழனிக்கு டிரான்ஸ்பர் கேட்டு எழுதிப் போட்டாச்சு. இங்க குளுருல ஒத்தையில கெடக்குறதுக்கு அங்க வெயில்ல எங்கம்மாகூட இருந்துக்குறேன்.”

நான் ஏதாவது கேட்டிருக்க வேண்டும். ‘ஏன்’ என்று கேட்டிருக்கலாம், ‘எப்போது போட்டாய்’ என்று கேட்டிருக்கலாம். எனக்கு உடனே காது சிவந்துவிட்டது. “உன் இஷ்டம்” என்று சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டேன். வெந்நீர்கூட வைக்கவில்லை. பூண்டியில், ஐப்பசியில், பச்சைத் தண்ணீர். வீம்புக்கு ஒரு அளவு வேண்டாமா?

வீம்பெல்லாம் பஸ் ஏறும்வரைக்கும்தான். பூம்பாறை தாண்டுவதற்குள் மனசுக்குள் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன். கல்யாணமாகி ஒன்பது மாதம்தான் ஆகியிருந்தது. அவள் பழனிக்குப் போய்விட்டால் நான் மலையில், அவள் அடிவாரத்தில். எனக்குத் தெரிந்த வேலையும் சம்பளமும் இங்கேதான் இருந்தன. வாரத்துக்கு ஒருநாள் விருந்தாளி மாதிரி மாமியார் வீட்டுக்குப் போய்வர வேண்டும். ஒரு வருஷம் போனால் அதுவும் மாதத்துக்கு ஒருநாளாகும். அப்படி ஆனவர்களை எனக்குத் தெரியும். நான் பயந்துபோனேன் என்று இப்போது சொல்ல எனக்கு வெட்கமில்லை. அன்றைக்குச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

அதனால் இரண்டு காரியம் செய்தேன். ஒன்று, இனி ஒருநாளும் கடைசி பஸ்ஸைத் தவறவிடுவதில்லை என்று முடிவெடுத்தேன். இரண்டாவது, மாறுதல் பட்டியல்களை அப்போதுதான் இன்டர்நெட்டில் போட ஆரம்பித்திருந்தார்கள் அல்லவா, அந்தப் பக்கத்தைத் தேடிப் பிடித்துத் திறந்து வைத்தேன். அது நிமிஷத்துக்கு ஒருதடவை தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்கிற பக்கம். பட்டியலில் அவள் பேர் வந்தால் ஊருக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். மற்ற கம்ப்யூட்டர்களில் திறந்தால் யாராவது பார்ப்பார்கள். ஆகவே சர்வரிலேயே திறந்தேன். அந்தச் சர்வரில் ஒரே மானிட்டருக்குள் நான்கு திரை உண்டு, ஒரு பட்டனைத் தட்டினால் ஒன்று போய் இன்னொன்று வரும். நான்காவது திரையில் அதை ஒளித்து வைத்துவிட்டு, முதல் திரையில் யோக்கியமாக வேலை பார்த்தேன். காலையில் வந்ததும் முதல் வேலை அதைத் திறப்பதுதான். நாளுக்கு நாற்பது தடவையாவது அந்தத் திரைக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வருவேன்.

அந்த வாரத்திலிருந்துதான் பிராக்ஸி நிற்க மறுத்தது.

வாசிக்கிற உங்களுக்கு இப்போதே புரிந்திருக்கும். எனக்கு ஒரு மாதம் ஆனது.

ஆறு மணிக்கு நிறுத்தச் சொல்லுவேன். ‘இணைப்புகள் முடியக் காத்திருக்கிறேன்’ என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்ளும். ஆறே கால். ஆறு இருபது. எட்டுக் கம்ப்யூட்டரும் அணைந்திருக்கும், அறையில் நானும் அதுவும் மட்டும்தான். யாருக்காகக் காத்திருக்கிறாய் என்று அதைத் திட்டுவேன். ஆறரைக்கு பஸ்ஸின் ஹாரன் சத்தம் என் மனசுக்குள் கேட்கும். ஏழு, ஏழே கால் வாக்கில் சாவகாசமாக அடங்கும். ஏதோ சில நாள் ஆறு ஐந்துக்கே அடங்கிவிடும். அன்றைக்கு நான் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்து டூரிஸ்ட்டுகள் வழிவிடுவார்கள். வாரத்தில் அப்படி இரண்டு நாள் வாய்த்தால் அதிர்ஷ்டம்.

நான் சும்மா இருக்கவில்லை. முதலில் ஆறாம் நம்பர் கம்ப்யூட்டர்மேல் பழி போட்டேன். அங்கே உட்காருகிறவர்கள் மானிட்டரை மட்டும் அணைத்துவிட்டு எழுந்து போகிற வழக்கம் உண்டு. எட்டுக் கம்ப்யூட்டரின் பிளக்கையும் நானே உருவிப் பார்த்தேன். பிராக்ஸி அசையவில்லை. அடுத்து அண்ணாச்சிமேல் சந்தேகம் வந்தது. மாடியில் அவர் வீட்டுக்கும் ஒரு வயர் போகிறது.

“அண்ணாச்சி, மாடியில கம்ப்யூட்டர போட்டே வச்சிருக்கீங்களா?”

“ஏலே, அத பூஜைக்குப் பொட்டு வச்சு மூடுனதோட சரி. உறையக் கூட இன்னும் எடுக்கல. வேணும்னா வந்து பாரு.”

போய்ப் பார்த்தேன். உறையின் மேல் பூ காய்ந்து கிடந்தது. அவரை மனசுக்குள் திட்டியதற்கு மனசுக்குள்ளேயே மன்னிப்புக் கேட்டுவிட்டு இறங்கினேன்.

பிறகு பிராக்ஸியையே கழற்றி மறுபடி ஏற்றினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதற்கே போனது. மூடுபனியால் வயரில் ஈரம் என்று நினைத்து, ஹேர் டிரையர் கடன் வாங்கி வந்து வயருக்குச் சூடு காட்டினேன். அண்ணாச்சி தன் பங்குக்கு சர்வர்மேல் ஒரு எலுமிச்சம்பழம் வைத்தார். அது உருண்டு கீபோர்டில் விழுந்து அன்றைக்கு நான் அடித்த பாதி வேலையை அழித்ததுதான் மிச்சம்.

இவ்வளவுக்கும் பிராக்ஸி உண்மையை மறைக்கவே இல்லை. யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் காட்டும். எல்லாரும் போன பிறகும் அதில் ஒரே ஒரு வரி மிச்சமிருக்கும். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் மற்றவர்கள் கூப்பிட ஒரு எண் உண்டு. தன்னைத் தானே கூப்பிட்டுக்கொள்ளவும் ஒரு எண் உண்டு, அது உலகத்தில் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் ஒன்றேதான். அந்த எண்தான் நின்றுகொண்டிருந்தது. சர்வர் தனக்குள் ஏதோ முணுமுணுத்துக்கொள்கிறது, அது வழக்கம்தானே என்று தினமும் அந்த வரியைத் தாண்டிப் போய்த் திருடனைத் தேடினேன்.

பஸ் போன பிறகு பஸ் ஸ்டாண்டு ஓரத்து டீக்கடைதான் கதி. அதை நடத்திய அக்காவின் குடும்பம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறியது. டீயை அவர் தேத்தண்ணி என்றுதான் சொல்லுவார்.

“இன்டைக்கும் போயிருச்சா தம்பி? இந்தாங்க தேத்தண்ணி. நர்ஸம்மாவுக்கு நான் கண்டக்டர்கிட்ட சொல்லி விட்டுட்டேன், உங்க வீட்டுக்காரர் பத்திரமா இங்கதான் இருக்கார்னு.”

“ஏங்கா நீங்க வேற!”

“பின்ன, சொல்லாம இருந்தா அந்தப் புள்ள ராவெல்லாம் கதவையே பார்த்துக்கிட்டு இருக்குமே. விளங்குதா?”

எனக்கு விளங்கியது. அதனால்தான் டீ இறங்கவில்லை. வீட்டை ஒட்டிய சுகாதார நிலையத்து போனுக்குக் கூப்பிட்டால் அவள் எடுப்பாள். சண்டை போட்டால்கூடத் தேவலை. போடமாட்டாள்.

“என்ன, இன்னைக்கும் உங்க சர்வர் உங்கள விடமாட்டேங்குதா?”

“நெசமாத்தான் சொல்றேன். நிறுத்துனா நிக்க மாட்டேங்குது.”

“எங்க ஊர்ல அம்புட்டு பெரிய மலைக்கோயில்லயே நேரமாச்சுன்னா வரிசைய மறிச்சுட்டு, உள்ள இருக்குறவங்கள அனுப்பிட்டு நடை சாத்திருவாங்க. எட்டு கம்ப்யூட்டர வச்சுக்கிட்டு உங்களுக்கு முடியல. சரி, போர்வைய நல்லா போத்திக்கிட்டுப் படுங்க.”

அவ்வளவுதான். போனை வைத்துவிடுவாள். மாறுதல் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை. வீட்டுக்குப் போகிற நாட்களிலும் சோறு, குழம்பு, கரண்ட் கட், யார் வீட்டில் பிரசவம் என்று எல்லாவற்றையும் பேசுவோம். அந்த ஒன்றை மட்டும் இரண்டு பேரும் சுற்றிக்கொண்டு நடந்தோம். கேட்டால் ‘ஆமாம், ஆர்டர் வந்தாச்சு’ என்று சொல்லிவிடுவாளோ என்று எனக்கு நடுக்கம். கேட்காதவரைக்கும் அவள் பூண்டியில்தான் இருக்கிறாள் என்று ஒரு அசட்டுத் தைரியம்.

இப்படியே கார்த்திகை பிறந்தது. மாதாந்திர மீட்டிங்குக்காக அவள் கொடைக்கானல் வந்தாள். மீட்டிங் முடிந்து ஐந்தரைக்கு, பையும் குடையுமாக நேராகச் சென்டருக்கே வந்துவிட்டாள். இரண்டு ஸ்வெட்டர், மேலே என் சால்வை.

“இன்னைக்கு உங்கள கையோட கூட்டிட்டுப் போறதா இருக்கேன்” என்று சொல்லி, சர்வருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அண்ணாச்சி வாசலில் நின்றபடி, “வாங்க நர்ஸம்மா, இதுக்கு ஒரு ஊசி போடுங்க, அப்பவாவது அடங்குதா பாப்போம்” என்றார்.

ஆறு மணிக்கு நான் நிறுத்தச் சொன்னேன். பிராக்ஸி ‘காத்திருக்கிறேன்’ என்றது. எனக்குக் காது சுட்டது. அவள் காதைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

“எத்தன நாளா இப்படி இருக்கு?” என்று கேட்டாள். காய்ச்சல்காரர்களிடம் கேட்கிற அதே குரல்.

“ஒரு மாசமா.”

“அதுக்கு முன்ன?”

“ஒழுங்கா நின்னுச்சு. ஒரு குறையும் இல்ல.”

“சரி. சரியில்லாமப் போன அன்னைக்கு, இல்ல அதுக்கு மொத நாள், புதுசா என்ன குடுத்தீங்க அதுக்கு?”

“ஒண்ணும் குடுக்கல.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. ஒண்ணுமே சாப்பிடல நர்ஸம்மான்னு சொல்லுவாங்க. தோண்டித் தோண்டிக் கேட்டா, வழியில ரெண்டு பன்னு, கல்யாண வீட்டுல கறிச்சோறுன்னு ஒவ்வொண்ணா வெளிய வரும். நல்லா யோசிங்க.”

“நெசமா ஒண்ணும் இல்லங்கறேன்ல!”

“காது செவக்குது. அப்ப இருக்கு.” நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அந்தப் பட்டியலைப் பார்த்தாள். “இந்தா ஒரு ஆளு உள்ள இருக்காருன்னு காட்டுதே. யாரு இது?”

“அது யாரும் இல்ல. அது இந்த மெஷினேதான். தனக்குள்ள பேசிக்கும்.”

“சும்மாவா பேசும்? இந்த மெஷின்ல உக்காந்து வேல பாக்குறது யாரு?”

“நான்தான்.”

அப்படிச் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பக்கம் நிமிஷத்துக்கு ஒருதடவை புதுப்பித்துக்கொள்கிறது. ஒவ்வொரு தடவையும் இந்தப் பிராக்ஸி வழியாகத்தான் போகிறது. ஒருதடவை திறந்த இணைப்பை விடாமல் பிடித்துக்கொண்டு, அதிலேயே மறுபடி மறுபடி கேட்டுக்கொண்டிருக்கிறது. கேட்கிற ஆள் போகாதவரைக்கும் பிராக்ஸி எப்படி நிற்கும்? ஏழு மணிக்கு மேல் அந்த இணையதளம் அநேகமாகப் படுத்துவிடும். அப்போதுதான் என் பக்கம் பிழை காட்டிக் கேட்பதை நிறுத்தியிருக்கிறது. சில நாள் அந்தத் தளம் முன்னமே படுத்திருக்கும். அன்றைக்குத்தான் எனக்கு பஸ் கிடைத்திருக்கிறது. ஒரு மாதமாக ஊரில் உள்ள எல்லாரையும் சந்தேகப்பட்டுவிட்டேன்.

கை தன்னால் பட்டனுக்குப் போனது. அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் அதை மூடிவிடலாம் என்று கையை இழுத்துக்கொண்டேன். ஆனால் நர்ஸ் கண்ணுக்கு அது தப்புமா?

“எதையோ மறைக்கிறீங்க. அந்தப் பட்டன அமுக்குங்க.”

“அது சும்மா…”

அவளே அமுக்கினாள். ஒவ்வொரு திரையாகப் போய் நான்காவது வந்தது. மாறுதல் பட்டியல். மேலே பழனி வட்டாரத்தைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தேன். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கம் ஒருதடவை வெளுத்து, மறுபடி வந்தது.

இன்னொரு நிமிஷம் போனது. மறுபடி வெளுத்து, மறுபடி வந்தது.

“இது எப்ப இருந்து?”

“நீ டிரான்ஸ்பர் போட்டேன்னு சொன்ன மறுநாள்ல இருந்து.”

“தினமுமா?”

“தினமும்.”

“இந்தா இப்படி, நிமிஷத்துக்கு ஒருக்கா?”

நான் தலையை மட்டும் ஆட்டினேன். வாசலிலிருந்து அண்ணாச்சி, “ஏலே, மின்னல் வெட்டுது! புருசன் பொஞ்சாதி சோலிய வீட்டுல வச்சுக்கங்க, இத நிறுத்து வெரசா!” என்று கத்தினார். நான் அந்தப் பக்கத்தை மூடினேன். முதல் திரைக்குப் போவதற்குள் பிராக்ஸி அலமாரியை அடுக்கி, குறிப்பெழுதி, அடங்கியிருந்தது. ஒரு மாதமாக நான் தவமிருந்தது கண் மூடித் திறப்பதற்குள் நடந்துவிட்டது. அதைப் பார்த்துச் சந்தோஷப்படக்கூட எனக்குத் தெம்பில்லை. பிளக்கையும் போன் வயரையும் உருவினேன். அண்ணாச்சி எலுமிச்சம்பழத்தால்தான் சரியானது என்று சொல்லிக்கொண்டே பூட்டினார்.

பஸ் நின்றுகொண்டிருந்தது. பூண்டு மூட்டை இறக்கிவிட்டுத் திரும்புகிற வண்டி, உள்ளே வாசம் அப்படியே இருந்தது. எங்களுக்கு இன்ஜினுக்குப் பக்கத்து சீட்டு கிடைத்தது. வண்டி கிளம்பி ஊரைத் தாண்டும்வரைக்கும் அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். இனியும் கேட்காவிட்டால் நான் மனிதனே இல்லை என்று தோன்றியது.

“ஆர்டர் எப்ப வருமாம்?” என்றேன். ஒரு மாதத்தில் நான் கேட்ட முதல் கேள்வி.

அவள் திரும்பினாள். “விண்ணப்பமே போடாதவ பேரு எப்படிங்க அந்த லிஸ்ட்டுல வரும்?”

“போட்டாச்சுன்னு சொன்னியே!”

“சொன்னேன். ஏன்டி போட்டேன்னு நீங்க சத்தம் போடுவீங்கன்னு நெனச்சுச் சொன்னேன். நீங்க பச்சத் தண்ணியில குளிக்கப் போயிட்டீங்க. சரி, சாயங்காலம் கேப்பாரு, நாளைக்குக் கேப்பாருன்னு பாத்தேன். நீங்க கேக்கவே இல்ல.” அவள் பையைத் தட்டிக் காட்டினாள். “டிரான்ஸ்பர் பாரம் இதுக்குள்ளதான் கெடக்கு. எழுதி வச்சது எழுதி வச்சபடி. வெள்ளிக்கிழம கடைசித் தேதி. நீங்க கேக்காததப் பாத்து, இவருக்கு நான் இருந்தா என்ன, போனா என்னன்னு, நாளைக்குப் போட்டுருவோம்னுதான் இருந்தேன். அந்த டப்பாகிட்ட நிமிஷத்துக்கு ஒருக்கா கேட்டிருக்கீங்க. எங்கிட்ட ஒரு தடவ கேட்டிருக்கக் கூடாதா?”

கடைசி வார்த்தையில் அவள் குரல் உடைந்தது. கேலி பேசியே என்னைப் பத்து மாதம் மேய்த்தவள், சால்வை நுனியால் கண்ணைத் துடைத்தாள். பேர் வந்துவிட்டதா என்று நான் ஒளிந்து ஒளிந்து எட்டிப் பார்த்த ஒவ்வொரு நிமிஷமும் அவள் பூண்டியில் உட்கார்ந்து என் வாயைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

“போகாத” என்றேன். “நீ போயிட்டா எனக்கு இங்க ஒண்ணும் இல்ல. பயந்துபோய்த்தான் கேக்கல. போகாத.”

அவள் காதருகே கையை வைத்துக்கொண்டாள். “என்ன சொன்னீங்க? இன்ஜின் சத்தத்துல கேக்கல.”

“போகாதன்னு சொன்னேன்!”

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பின்படியில் நின்ற கண்டக்டர், “நர்ஸம்மா, எனக்கே கேட்டிருச்சு. நீங்க போகாதீங்க, போனீங்கன்னா இவர டீக்கடையில இருந்து யாரு கூட்டிட்டு வர்றது?” என்றார்.

அவளுக்கும் கேட்டிருந்தது. முதல் தடவையே கேட்டிருந்தது. இருந்தும் பூம்பாறை வரும்வரைக்கும், ஒவ்வொரு வளைவிலும், “என்னங்க, என்ன சொன்னீங்க?” என்று என்னைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தாள்.